ட்ரென்டோவின் ஃபெராரி: ஓர் இத்தாலிய ஸ்பார்க்ளிங் ஒயின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ட்ரென்டோ நகரத்தில் ஃபெராரி என்றொரு ஒயின் நிறுவனம் இருக்கிறது. ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது குமிழி பொங்கும் ஒயின் செய்கிறது. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். முதல் கேள்வி எப்போதும் கார் பற்றியதுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கார் செய்யும் ஃபெராரிதான் ஒயினும் செய்கிறதா?

இல்லை. இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் பொது. வட இத்தாலியில் ஃபெராரி மிகச் சாதாரணமான குடும்பப்பெயர். ஒயின் நிறுவனம் 1902-இல் தொடங்கியது. என்ஸோ ஃபெராரியின் பெயரில் முதல் கார் வெளிவந்தது 1947-இல். ஆக, வயதில் மூத்தது ஒயின்தான்.

குழப்பம் அதிகமானதற்கு ஃபார்முலா 1 ஒரு காரணம். 2021 முதல் 2024 வரை பந்தய மேடையில் வீரர்கள் பீய்ச்சிக்கொண்டது இந்த ட்ரென்டோ ஃபெராரியைத்தான். 2025-இல் அந்த இடம் பிரெஞ்சு நிறுவனமான மொயே எ ஷாந்தோனுக்குப் போனது. பஹ்ரைன் போன்ற நாடுகளில் மட்டும் மேடையில் மது இல்லாத பானம் வைப்பார்கள். வருடக்கணக்கில் நிலவறையில் கிடந்து பக்குவமான ஒயினை அரை நிமிடத்தில் பக்கத்து ஆளின் கண்ணில் அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். அது விளம்பரம், விட்டுவிடலாம்.

இதைத் தொடங்கியவர் யார்?

ஜூலியோ ஃபெராரி. 1879-இல் பிறந்தவர். அன்றைக்கு ட்ரென்டோ இத்தாலியில் இல்லை, ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் அந்தப் பகுதி இத்தாலியோடு சேர்ந்தது. ட்ரென்டோவுக்கு அருகே சான் மிக்கேலே என்ற ஊரில் 1874-இல் தொடங்கிய விவசாயப் பள்ளியில் படித்துவிட்டு, மேற்கொண்டு கற்றுக்கொள்ள பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போனார். ஷாம்பெயின் பகுதியின் எபர்னே நகரத்தில் வேலையும் பார்த்தார்.

அங்கே அவர் கவனித்தது ஒரு விஷயம்: ஷாம்பெயினின் குளிருக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் ஈடாகத் தன் ஊரில் மலை இருக்கிறது. உயரம் ஏற ஏறக் குளிர்கிறது. அப்படியென்றால் அதே வகைத் திராட்சையை, அதே முறையில், இங்கே செய்து பார்த்தால் என்ன? ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சை இன்று இத்தாலியில் எங்கும் இருக்கிறது. அதை அங்கே பெரிய அளவில் நட்ட முதல் ஆள் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

கடைசிவரை அவர் செய்தது குறைவு. ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில்கள்தான். தரம் மட்டுமே அவருக்குக் கணக்கு.

பிறகு ஏன் எங்கு பார்த்தாலும் லுனெல்லி என்ற பெயர் வருகிறது?

ஜூலியோவுக்குப் பிள்ளைகள் இல்லை. வயதான பிறகு நிறுவனத்தை யாரிடம் கொடுப்பது என்று தேடினார். 1952-இல் ட்ரென்டோவில் ஒயின் கடை வைத்திருந்த புருனோ லுனெல்லியிடம் விற்றார். புருனோவிடம் அவ்வளவு பணம் கையில் இல்லை, கடன் வாங்கித்தான் வாங்கினார். விற்ற பிறகும் ஜூலியோ நிலவறைப் பக்கம் வருவதை நிறுத்தவில்லை, 1965-இல் இறக்கும்வரை தொழிலோடேயே இருந்தார்.

புருனோவின் பிள்ளைகள் காலத்தில்தான் இது பெரிய நிறுவனமானது. இப்போது மூன்றாம் தலைமுறை நடத்துகிறது. புரோசெக்கோ என்ற இன்னொரு வகை இத்தாலிய ஸ்பார்க்ளிங் ஒயின் செய்யும் பிசோல் நிறுவனத்தின் பாதிப் பங்கையும் 2014-இல் இதே குடும்பம் வாங்கியது. அப்படியும் பாட்டிலில் லுனெல்லி என்று பெயரை மாற்றவில்லை. வாங்கியவர் விற்றவரின் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது வியாபார உலகில் அடிக்கடி நடப்பதில்லை.

இதை ஷாம்பெயின் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில், அதன் விதிப்படி செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். ட்ரென்டோவில் செய்வதற்கு 'ட்ரென்டோ டாக்' என்ற சட்டப்பூர்வ அடையாளம் 1993-இல் கிடைத்தது. 2007 முதல் 'ட்ரென்டோடாக்' என்ற பொது முத்திரையின் கீழ் அந்தப் பகுதியின் பல நிறுவனங்கள் விற்கின்றன. ஃபெராரி அவற்றில் மிகப் பெரியது, ஒரே நிறுவனம் அல்ல.

ஆனால் செய்முறை ஒன்றுதான். பாட்டிலுக்குள்ளேயே குமிழி உண்டாக்கும் அந்த முறையை இத்தாலியர்கள் 'மேத்தொதோ கிளாசிக்கோ' என்பார்கள். திராட்சையும் அதே குடும்பம்: ஷார்டனே, பினோ நேரோ, பினோ பியாங்கோ, மெனியே. போதாததற்கு, ஷாம்பெயின் பகுதியில் ஷார்ல் ஹைட்ஸீக் நிறுவனத்தில் தலைமை ஒயின் தயாரிப்பாளராக இருந்த சிரில் பிரன் 2023-இல் ட்ரென்டோவுக்கு வந்து சேர்ந்தார். ஜூலியோ போன வழியில் எதிர்த்திசையில் ஒரு பயணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் புரோசெக்கோ?

அது வேறு சரக்கு. இத்தாலிய ஸ்பார்க்ளிங் என்றால் புரோசெக்கோ என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். விலை குறைவு, எங்கும் கிடைக்கிறது, அதனால் அப்படி ஆகிவிட்டது.

புரோசெக்கோ பெரும்பாலும் கிளேரா என்ற திராட்சையில் செய்வது. அதில் குமிழி உருவாவது பெரிய எஃகுத் தொட்டிக்குள், சில வாரங்களில். அந்தத் தொட்டி முறையை 1895-இல் ஃபெதெரிக்கோ மார்த்தினோத்தி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தார், பிறகு யூஜின் ஷார்மா என்ற பிரெஞ்சுக்காரர் மேம்படுத்தினார். தொட்டியில் செய்தால் பழ வாசனை புதிதாக அப்படியே நிற்கும். ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூ. அதுதான் புரோசெக்கோவின் அழகு. சீக்கிரம் குடித்துவிட வேண்டியது.

ட்ரென்டோ ஒயினில் குமிழி உருவாவது ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தனித்தனியாக. நேரமும் இடமும் ஆட்கூலியும் பல மடங்கு. இரண்டில் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு அர்த்தமில்லை, ஆனால் ஒன்றின் விலையை வைத்து மற்றதை அளக்கக் கூடாது.

மலையில் வளர்ப்பதால் என்ன வித்தியாசம்?

நல்ல ஸ்பார்க்ளிங் ஒயினுக்குப் புளிப்பு வேண்டும். பழம் நன்றாகப் பழுத்துவிட்டால் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கிவிடும். பழத்தின் மணமும் வர வேண்டும், புளிப்பும் தங்க வேண்டும் என்றால் பகலில் வெயிலும் இரவில் குளிரும் உள்ள இடம்தான் வசதி.

ட்ரென்டோவைச் சுற்றியுள்ள ட்ரென்டினோ பகுதி அப்படிப்பட்ட இடம். அடிஜே ஆறு ஓடும் பள்ளத்தாக்கு, இரண்டு பக்கமும் மலைச்சரிவு, பின்னால் டோலோமைட் மலைகள். தெற்கே கார்டா ஏரியிலிருந்து பிற்பகலில் 'ஓரா' என்ற காற்று கிளம்பி வந்து தோட்டங்களை உலர்த்திவிடும், பூஞ்சைத் தொல்லை குறையும். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் மேலிருந்து குளிர் இறங்கும். ட்ரென்டோடாக் திராட்சைத் தோட்டங்கள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டரில் தொடங்கி 900 மீட்டர் வரை ஏறுகின்றன.

கொடியை ஏற்றும் விதமும் அந்த ஊருக்கே உரியது. 'பெர்கோலா' என்பார்கள்: சாய்வான மரச் சட்டத்தின் மேல் கொடி படர்ந்து, குலைகள் இலைக்குக் கீழே நிழலில் தொங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும், அங்கே பந்தல் தட்டையாக இருக்கும், இங்கே சரிவுக்கேற்பச் சாய்ந்திருக்கும். இயந்திரத்தால் அறுவடை செய்ய இது தோதுப்படாது. ட்ரென்டோடாக் விதியும் கையால்தான் பறிக்க வேண்டும் என்கிறது.

ஃபெராரிக்குச் சொந்தத் தோட்டங்கள் உண்டு. அது போக, நூற்றுக்கணக்கான விவசாயக் குடும்பங்களிடமிருந்தும் பழம் வாங்குகிறது. அந்தப் பகுதியில் ஆளுக்குக் கொஞ்சம் நிலம்தான். ஒரு பெரிய நிறுவனம் தனியாக அத்தனை சரிவையும் வாங்கிப் பயிரிட முடியாது. நிறுவனத்தின் வேளாண் வல்லுநர்கள் அந்தக் குடும்பங்களின் தோட்டத்துக்கே போய் என்ன தெளிப்பது, எப்போது பறிப்பது என்று சொல்கிறார்கள்.

பாட்டிலுக்குள் குமிழி எப்படி வருகிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பறித்த குலைகளை முழுசாக, மெதுவாகப் பிழிகிறார்கள். பினோ நேரோ கருந்தோல் திராட்சை, ஆனால் உள்ளே சாறு வெள்ளைதான். தோல் ஊறாமல் பிழிந்தால் வெள்ளை ஒயினே கிடைக்கும். சாறு நொதித்து முதலில் ஒரு சாதாரண ஒயின் ஆகிறது. குமிழி இல்லை, புளிப்பு தூக்கலாக இருக்கும், தனியாகக் குடித்தால் யாருக்கும் பிடிக்காது. பல தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியாக வைத்திருந்து, குளிர்காலம் கழிந்ததும் சுவைத்துப் பார்த்து எதோடு எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். தயாரிப்பாளரின் கைவண்ணம் தெரியும் இடம் இதுதான். இன்றைய சுவையை வைத்து, நாலைந்து வருஷம் கழித்து அது என்னவாக இருக்கும் என்று கணிக்க வேண்டும்.

அடுத்து, கலந்த ஒயினோடு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் நிரப்புகிறார்கள். லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை. மேலே தக்கை போடுவதில்லை, சோடா மூடிதான். பாட்டில்களை நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்கள். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. மூடியிருப்பதால் வாயு வெளியே போக வழியில்லை, ஒயினிலேயே கரைகிறது. 4 கிராம் சர்க்கரைக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கு. ஆக 24 கிராமுக்கு 6. ஸ்பார்க்ளிங் ஒயின் பாட்டில் ஏன் அவ்வளவு கனம், அடியில் ஏன் குழிவு என்றால் இந்த அழுத்தத்தைத் தாங்கத்தான்.

சர்க்கரை தீர்ந்துவிட்டால் உடனே விற்கலாமே, ஏன் வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்?

சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்துப் பாட்டிலின் பக்கவாட்டில் மண்டியாகப் படியும். குமிழி மட்டும் போதும் என்றால் அந்த இடத்திலேயே வேலை முடிந்தது. ஆனால் செத்த ஈஸ்ட் மெல்ல மெல்லச் சிதைந்து தன்னுள் இருப்பதை ஒயினில் விடுகிறது. அதனால்தான் ரொட்டி, பிஸ்கட், வறுத்த பருப்பு போன்ற மணங்கள் வருகின்றன, வாயில் ஒரு கனமும் வழவழப்பும் கூடுகிறது. மண்டி ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்வதால், அதோடு இருக்கும்வரை ஒயின் சீக்கிரம் கெடாது.

இது மாதக் கணக்கில் நடக்காது, வருடக் கணக்கு. ட்ரென்டோடாக் விதிப்படி சாதாரண ஒயின் குறைந்தது 15 மாதம் மண்டியோடு இருக்க வேண்டும். ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து செய்து ஆண்டைக் குறிப்பிட்டு விற்றால் 24 மாதம், இன்னும் நீண்ட காலம் வைத்திருந்து விற்கும் 'ரிசெர்வா' என்றால் 36. ஃபெராரியின் மேல்தட்டு ஒயின்கள் இவற்றையெல்லாம் தாண்டிக் கிடக்கின்றன. பாட்டிலின் விலையில் பெரும்பங்கு இதற்குத்தான்: லட்சக்கணக்கான பாட்டில்கள் ஒரு பைசா வரவு இல்லாமல் இருட்டில் படுத்திருக்கின்றன.

அந்த மண்டியை எப்படி எடுக்கிறார்கள்? நாம் குடிப்பது தெளிவாக இருக்கிறதே?

பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பித் தலைகீழாக்குவார்கள். மண்டி முழுக்கக் கழுத்துக்கு இறங்கிவிடும். முன்பு துளை போட்ட மரப்பலகைகளில் பாட்டிலைச் சொருகி, தினமும் ஓர் ஆள் கையால் திருப்புவார், வாரக்கணக்கில். இப்போது பெரும்பாலும் ஐந்நூறு பாட்டில் கொள்ளும் கூண்டை இயந்திரம் திருப்புகிறது, ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இயந்திரம் வந்ததால் சுவை போய்விட்டது என்று சிலர் புலம்புவார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

பிறகு பாட்டிலின் கழுத்தை மட்டும் உறைகுளிர்க் கரைசலில் முக்குவார்கள். மண்டி ஒரு பனிக்கட்டித் துண்டாக உறையும். சோடா மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் அழுத்தமே அந்தத் துண்டை வெளியே தள்ளிவிடும். குறைந்த அளவை ஈடுகட்ட ஒயினும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்த சேர்க்கையை ஊற்றி, தக்கை அடித்து, கம்பிக் கூண்டு மாட்டுவார்கள். இனிப்பு எவ்வளவு என்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது.

'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் இனிப்பே இல்லாததுதானே?

இதில் ஏமாறாதவர்கள் குறைவு. இனிப்பின் அளவைக் காட்ட லேபிளில் போடும் சொற்கள் இவை. எக்ஸ்ட்ரா ட்ரை, ப்ரூட்டைவிட இனிப்பானது. ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 3 கிராமுக்குள், சர்க்கரை எதுவும் சேர்க்காமல் இருந்தால் ப்ரூட் நேச்சர். 6 கிராம் வரை எக்ஸ்ட்ரா ப்ரூட். 12-க்குள் ப்ரூட். 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா ட்ரை. வெறும் 'ட்ரை' என்றால் 17 முதல் 32 வரை! இனிப்பு வேண்டாதவர்கள் ப்ரூட் என்ற சொல்லைத் தேடினால் போதும்.

ஜூலியோ ஃபெராரி என்றே பெயரிட்ட ஒயின் ஏன் அவ்வளவு விலை?

அதன் முழுப்பெயர் 'ஜூலியோ ஃபெராரி ரிசெர்வா தெல் ஃபோந்தாத்தோரே'. நிறுவனரின் நினைவாக வைத்தது. ஷார்டனே மட்டும்தான். அந்தப் பழத்துக்காக ஒதுக்கியது மாசோ பியானிட்சா என்ற உயரமான தோட்டம். மண்டியோடு சுமார் பத்து ஆண்டு.

இது பிறந்த கதையை அந்தக் குடும்பமே சொல்லும். புருனோவின் மகன்களில் மௌரோ மட்டும் ஒயின் தயாரிப்பு படித்தவர். ஷார்டனே நீண்ட காலம் தாங்கும் என்பது அவர் நம்பிக்கை. வீட்டில் மற்றவர்களைக் கேட்டால் பணம் முடங்கும் என்பார்கள். அதனால் 1972 அறுவடையில் கொஞ்சம் பாட்டில்களை யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்தார். எட்டு ஆண்டு கழித்து அண்ணன்மாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். குடித்துப் பார்த்தவர்கள் 1980-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து இத்தாலியின் மிகச் சிறந்த ஸ்பார்க்ளிங் எது என்ற பேச்சில் இந்தப் பெயர் வராமல் இருப்பதில்லை.

முதல்முறை வாங்குபவர் எதை வாங்கலாம்?

வெளிநாட்டிலோ விமான நிலையக் கடையிலோ கண்ணில் பட்டால், சாதாரண 'ஃபெராரி ப்ரூட்' ஆரம்பத்துக்குப் போதும். அதுவும் ஷார்டனே மட்டும்தான்: பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், லேசாக ரொட்டி வாசம். என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடக் கொடுத்து 'பெர்லே' வாங்குவதுதான் சரியான செலவு. அறுவடை ஆண்டு போட்டது, நான்கு ஆண்டுக்கு மேல் மண்டியில் கிடந்தது. மலையின் புளிப்பும் மண்டியின் கனமும் அதில் ஒன்றாகத் தெரியும், விலை ஜூலியோவில் சின்னப் பகுதிதான். பினோ நேரோவில் செய்யும் 'பெர்லே நேரோ' இன்னும் அழுத்தமானது, சாப்பாட்டோடு குடிக்க ஏற்றது.

எந்த ஒயின் வாங்கினாலும் பின்பக்க லேபிளில் 'ஸ்போக்காத்தூரா' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மண்டி எடுத்த காலம் அது. அதற்குப் பிறகு கடையில், வெளிச்சத்தில் பல வருஷம் நின்றிருந்தால் யோசித்து வாங்குங்கள்.

ஃபிரான்சியகோர்த்தா என்பது என்ன?

ட்ரென்டோவுக்குப் போட்டி. மிலானுக்குக் கிழக்கே, இசேயோ ஏரிக்குத் தெற்கே இருக்கும் பகுதி. முறை அதேதான், பாட்டிலுக்குள் நொதிப்பது. அங்கே பெர்லுக்கி நிறுவனம் 1961 அறுவடையில் முதல் ஸ்பார்க்ளிங் செய்தது. அந்தக் கணக்கில் ட்ரென்டோ அறுபது வருஷம் மூத்தது. அங்கத்திய ஒயின் பொதுவாகக் கொஞ்சம் பழுத்த, வட்டமான சுவை. ட்ரென்டோ கூர்மை.

பருவநிலை மாற்றம் இவர்களைப் பாதிக்கிறதா?

கண்டிப்பாக. வெயில் கூடினால் பழம் சீக்கிரம் பழுக்கும், புளிப்பு குறையும். அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இதற்குப் பெரிய வழியில்லை. ட்ரென்டினோ விவசாயிக்கு மேலே ஏறலாம் என்ற வசதி இருக்கிறது, புதுத் தோட்டங்கள் உயரமான சரிவுகளுக்குப் போகின்றன. ஆனால் மேலே நிலம் குறைவு, பனியும் ஆலங்கட்டி மழையும் உண்டு, காடும் பக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு தூரம் ஏற முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், முன்பதிவு செய்ய வேண்டும். வெரோனாவிலிருந்து ட்ரென்டோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் போல. நிறுவனம் நகரத்துக்குத் தெற்கே ரவீனா பகுதியில் இருக்கிறது. நிலவறையைச் சுற்றிக் காட்டி, கடைசியில் சுவைக்கவும் தருகிறார்கள்.

அருகே வில்லா மார்கோன் என்ற 16-ஆம் நூற்றாண்டு மாளிகையும் அவர்களுடையதுதான். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் வாழ்க்கையைச் சொல்லும் சுவரோவியங்கள் உள்ளே இருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் புகழ்பெற்ற ட்ரென்டோ பொதுச்சங்கம் 1545 முதல் 1563 வரை விட்டுவிட்டு நடந்தபோது, வந்த பெரிய மனிதர்கள் இங்கே தங்கியதாகச் சொல்வார்கள். ஒயினில் ஆர்வம் இல்லாதவர் கூட வந்தால் அவருக்கு இது போதும்.

பாட்டிலை எப்படித் திறப்பது?

நன்றாகக் குளிரவைத்த பிறகு. 8 முதல் 10 டிகிரி சரி. சூடான பாட்டில்தான் பொங்கும். கம்பியை ஆறு அரைச்சுற்று சுற்றிக் கழற்றுங்கள், அந்த நொடியிலிருந்து கட்டைவிரலைத் தக்கையின் மேலிருந்து எடுக்காதீர்கள். பாட்டிலைச் சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் பிடித்து, தக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். 'டப்' என்று வெடிப்பது சினிமாவுக்கு. மெல்லிய பெருமூச்சு போல் சத்தம் வந்தால் போதும்.

ஒல்லியான நீளக் கிளாஸ் பார்க்க அழகு, ஆனால் மணம் வெளியே வர இடமில்லை. சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸே நல்லது.

ஒயின் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

நம்ப வேண்டாம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த ஒயினில் ஆல்கஹால் 12.5 சதவீதம் அளவில் இருக்கும். குமிழி இருப்பதால் ஆரம்பத்தில் சீக்கிரம் ஏறும். பிடித்தால் கொஞ்சமாகக் குடிக்கலாம், மருந்து என்று சொல்லிக் குடிக்கக் கூடாது. குடிக்காதவர் இதற்காக ஆரம்பிக்கவும் தேவையில்லை.

பாதி பாட்டில் மிச்சமாகிவிட்டது. என்ன செய்வது?

பாட்டிலின் வாயில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் குமிழி போகாது என்பது கட்டுக்கதை. ஸ்பார்க்ளிங் ஒயினுக்கென்று கவ்விப் பிடிக்கும் மூடி ஒன்று கடைகளில் கிடைக்கிறது, அதை மாட்டி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் குமிழி கொஞ்சம் அடங்கியிருக்கும், மணம் சிலசமயம் முதல் நாளைவிட நன்றாக விரிந்திருக்கும். மூன்றாம் நாளுக்குமேல் குடிக்க வேண்டாம், சமையலில் ஊற்றிவிடலாம். ட்ரென்டினோ பக்கம் அதை அரிசியில் ஊற்றி ரிசோத்தோ செய்வார்கள்.